வேலை = பூஜ்யம்: இயக்கவியல் பாடமும் மரக்காணத்து உப்புக்கூடையும்

1

திண்டிவனத்தில் நண்பர்கள் நடத்திய ஒரு வாசிப்புக் கூட்டத்தில், அறிவுக்கும் அதிகாரத்துக்குமான உறவு பற்றி ஃபூக்கோவை முன்வைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். முடிந்து டீக்கடைக்கு வந்தபோது, அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். இயற்பியல் முதுகலை முதலாம் ஆண்டு. மரக்காணம் பக்கத்து உப்பளத் தொழிலாளி குடும்பம். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

"சார், நீங்க பேசினதுல பாதி புரியல. ஆனா ஒண்ணு கேக்கணும். தலையில சுமையோட சமதளத்துல நடந்தா செய்யுற வேலை ஜீரோன்னு ஸ்கூல்ல இருந்து எழுதிக்கிட்டு வரேன். எழுதுனா மார்க்கு. எங்கம்மா அதுக்குத்தான் சார் கூலி வாங்குது. இது அறிவா, அதிகாரமா?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசியிருந்தோம் என்பதுதான் வேடிக்கை. நான் தமிழ் எம்.ஏ.; இயற்பியலைப் பள்ளியோடு விட்டவன். அதன்பிறகு அந்தப் பெண்ணின் பாடப்புத்தகங்களையும், அவற்றுக்குப் பின்னாலிருக்கிற சரித்திரத்தையும் என்னால் முடிந்த அளவு படித்துப் பார்த்தேன். இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் கடனாக எழுதப்படுவது.

இக்கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று ஆசிரியருடையது: "இயற்பியலில் சொல்லும் வேலை வேறு, நாம் பேச்சில் சொல்லும் வேலை வேறு. குழப்பிக்காதே, எழுது." இன்னொன்று நம்முடையது, அதாவது சிறுபத்திரிகைக்காரர்களுடையது: "பார்த்தாயா, மேற்கத்திய அறிவியலின் சொல்லாடல் உழைப்பாளியின் உடலை அழித்துவிடுகிறது." முதல் பதில் கேள்வியை வாயடைக்கிறது. இரண்டாவது கேட்டவரையே மறந்துவிட்டுக் கேள்வியைத் தனக்கு அணிகலனாக்கிக்கொள்கிறது. அந்தப் பெண் இயற்பியலை விட்டுவிட விரும்பவில்லை, அதைப் படிக்க விரும்புகிறார். நம் பதில் அவருக்குப் படிப்பதில் உதவ வேண்டும்.

2

முதலில் கணக்கு சரியா என்று பார்த்துவிடலாம். சரிதான். ஒரு விசை ஒரு பொருளை, தான் செயல்படும் திசையில் எவ்வளவு தூரம் நகர்த்தியது என்பதன் பெருக்கற்பலனே இயக்கவியலில் வேலை. கூடையைத் தாங்கும் தலையும் கழுத்தும் அதை மேல்நோக்கித் தள்ளுகின்றன. கூடையோ கிடைமட்டமாக நகர்கிறது. இரண்டுக்கும் இடையே 90 பாகை. பலன் பூஜ்யம்.

சுமைதூக்கும் 'கூலியாள்' இந்தியப் பாடப்புத்தகங்களில் இதற்கென்றே வந்துபோகும் ஒரு பாத்திரம். ஆங்கிலத்தில் அவருக்குள்ள பெயர் நம் 'கூலி' என்ற சொல்லிலிருந்து போனது என்பாருண்டு. குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து போனது என்பாரும் உண்டு. எப்படியானாலும், ஊதியத்தின் பெயரால் அழைக்கப்படும் ஒரு ஆளை நிற்கவைத்து, அவர் வேலை பூஜ்யம் என்று நிரூபிப்பது சாதாரண எடுத்துக்காட்டு அல்ல.

அளத்தில் நடப்பதைக் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கூடை உப்பு 30 கிலோ. வரப்பிலிருந்து சும்மாட்டுக்கு ஏற ஒன்றரை மீட்டர். தூக்குவதில் செய்யப்படும் வேலை ஏறக்குறைய 441 ஜூல். பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு 40 மீட்டர் நடை: பூஜ்யம். ஒரு நாளைக்கு 200 நடை என்றால் மொத்தம் 88,200 ஜூல், அதாவது 21 கிலோகலோரி. இது ஆறு கிராம் அரிசியில் இருக்கும் ஆற்றல். இன்னொன்றும் உண்டு: தரையிலிருந்து எடுத்த உப்பைத் தரைமட்டத்திலேயே கொட்டினால், ஏற்றியதும் இறக்கியதும் கழிந்து, உப்பின்மீது செய்யப்பட்ட நிகர வேலை அதுவும் பூஜ்யம்தான். சுமையோடு எட்டு கிலோமீட்டரும் வெறுங்கூடையோடு எட்டு கிலோமீட்டரும் வெயிலில் நடந்த ஒரு பெண்ணின் ஒரு நாளை இந்தக் கணக்கு ஒரு சிட்டிகை அரிசிக்கு ஈடாக்குகிறது, அல்லது ஒன்றுமே இல்லை என்கிறது.

மரக்காணத்தில் முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன காலம் உண்டு. கரையோரம் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி அந்தப் படகுகளை இழுத்தார்கள். கயிறு சாய்வாக இருந்தாலும் இழுவிசையின் ஒரு பகுதி படகு போகும் திசையில் இருப்பதால் அவர்கள் செய்தது வேலை. ஆக, ஒரே உப்பைக் கால்வாயில் இழுத்தவர் வேலை செய்தவர். அதைப் பாத்தியிலிருந்து தலையில் கொண்டுவந்து சேர்த்தவர் செய்யாதவர்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்றால், சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் தசை சும்மா இல்லை. அதன் நுண்ணிய நார்கள் ஒன்றையொன்று பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் உடல் எரிபொருள் செலவழிக்கிறது. அது கூடையின் நகர்ச்சியாக மாறாமல் வெப்பமாக, வியர்வையாகப் போகிறது. ஆகவே 'வேலை பூஜ்யம்' என்ற வாக்கியம் கூடையைப் பற்றியது. சுமப்பவரைப் பற்றியது அல்ல. வகுப்பறையில் இந்த எழுவாய் மாறிப்போகிறது. 'கூடையின்மீது அந்த விசை செய்த வேலை' என்பது 'அவள் செய்த வேலை' ஆகிவிடுகிறது. கூடையைப் பற்றிச் சொன்ன ஒன்று மனுஷியின்மீது தீர்ப்பாக இறங்குகிறது.

அப்படியானால் வேறு கேள்வி எழுகிறது. சுமப்பவரை விட்டுவிட்டுச் சுமையை மட்டும் பார்க்கும் இந்த அளவை யார், எதற்காக உண்டாக்கினார்கள்?

3

நியூட்டனின் 'பிரின்சிப்பியா' (1687) இந்த அளவின்மீது கட்டப்பட்டதல்ல. இயக்கத்தின் அளவு எது என்பதில் லைப்னிட்ஸுக்கும் தெகார்த்தின் சீடர்களுக்கும் 1686இல் தொடங்கிய சண்டை அடுத்த நூற்றாண்டிலும் நீண்டது. நிறையை வேகத்தால் பெருக்க வேண்டுமா, வேகத்தின் வர்க்கத்தாலா என்பதே சண்டை. அது தத்துவவாதிகளின் சண்டை. வேலை என்ற அளவோ வேறு இடத்திலிருந்து வந்தது: கோட்டை கட்டியவர்கள், கால்வாய் வெட்டியவர்கள், இயந்திரம் வாங்கியவர்கள் ஆகியோரிடமிருந்து.

கூலோம் என்ற பெயர் மின்னியல் பாடத்தில் எல்லோருக்கும் தெரியும். உராய்வு விதிகளிலும் அவர் பெயர் உண்டு. அவர் ஒரு ராணுவப் பொறியாளர் என்பதும், 1764 முதல் 1772 வரை கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் போர்போன் கோட்டை கட்டும் பணியில் இருந்தார் என்பதும் பாடத்தில் வராது. மார்த்தினிக் அன்று பிரான்சின் கரும்புத்தோட்ட அடிமைத் தீவு. அந்த அனுபவத்தையும் பின்னால் எடுத்த அளவுகளையும் கொண்டு அவர் எழுதிய ஆய்வுரை 1799இல் வெளியாயிற்று. அதன் பொருள், மனிதர்கள் தம் அன்றாட உழைப்பில் எவ்வளவு 'செயல்' தர முடியும் என்பது. மாடிப்படி ஏறுபவர், முதுகில் சுமை தூக்குபவர், தள்ளுவண்டி தள்ளுபவர், மண் வெட்டுபவர் என்று ஒவ்வொருவரையும் எடுத்துக்கொள்கிறார். எவ்வளவு சுமை ஏற்றினால், வெறுங்கையோடு திரும்பி வரும் நடையையும் சேர்த்து, ஒரு நாளில் அதிகப் பயன் கிடைக்கும் என்று கணக்கிடுகிறார். வியர்வையில் குளித்தபடியே இருக்கும் மார்த்தினிக் வெப்பத்தில் துருப்புகளால் பிரான்சில் செய்வதில் பாதிகூடச் செய்ய முடியவில்லை என்பதையும் குறிக்கிறார். அவருடைய கேள்வி, ஒரு மனித உடலிலிருந்து அது களைத்து விழாமல் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்பது. இங்கே களைப்பு ஆய்வுக்குள்ளேயே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் களைப்பு வெளியேறுகிறது. தண்ணீர்ச் சக்கரம், நீராவி இயந்திரம், குதிரை, மனிதன் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது. 1819 வாக்கில் நேவியே இதை இயந்திரங்களுக்கான ஒரு நாணயம் போலக் கருதினார். எந்த இயந்திரம் எவ்வளவுக்குப் பெறும் என்று ஒப்பிட உதவும் நாணயம். 1829இல் கொரியோலி இயந்திரங்களின் பலனைக் கணக்கிடுவது பற்றிய தம் நூலில் இந்தப் பெருக்கற்பலனுக்கு, பிரெஞ்சில் உழைப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல்லையே கலைச்சொல்லாக வைத்தார். அதே காலத்தில் போன்ஸ்லேயும் அதைக் கையாண்டார். உழைப்பைக் குறித்த சொல், உழைப்பவர் இல்லாமலே நிற்கக்கூடிய ஒரு அளவின் பெயராயிற்று. அந்த நாணயம் பெருமதி வாய்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆற்றல் அழிவதில்லை என்ற விதி பின்னால் நிலைபெற்றதில் இந்த அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது நாணயம். எதை வாங்க அச்சடிக்கப்பட்டதோ அதைத்தான் அது அளக்கும்.

இப்படிப் பார்ப்பது புதிதல்ல. 1931இல் லண்டனில் நடந்த அறிவியல் வரலாற்று மாநாட்டுக்கு புகாரின் தலைமையில் வந்த சோவியத் குழுவில் போரிஸ் ஹெஸ்ஸன் என்ற இயற்பியலாளர் இருந்தார். நியூட்டனின் நூலில் வரும் பிரச்சினைகள் கப்பல், சுரங்கம், பீரங்கி ஆகியவற்றின் தேவைகளோடு எப்படி ஒட்டியிருக்கின்றன என்று அவர் அங்கே வாசித்த கட்டுரை, அறிவியல் வரலாறு எழுதும் முறையையே மாற்றியது. ஐந்து வருஷம் கழித்து, 1936 டிசம்பரில், அவருடைய அரசே அவரைச் சுட்டுக் கொன்றது. இடதுசாரிகளான நாம் ஹெஸ்ஸனைச் சொல்லும்போது இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹெஸ்ஸன் சொன்னதோடு நாம் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்: தேவை ஐரோப்பாவின் வணிக வர்க்கத்துடையது, ஆனால் அளவெடுத்த இடங்கள் பல, தீவுகளும் காலனிகளும். பூமியின் வடிவம் பற்றி நியூட்டன் பயன்படுத்திய ஊசல் அளவுகளில் கயேனும் (ரிஷேர், 1672) அடிமை வியாபாரத் தீவான கோரேயும் (1682) இருக்கின்றன.

4

'இயக்கவியல்' என்ற சொல்லைத் தமிழில் இரண்டு கூட்டத்தார் பயன்படுத்துகிறார்கள். இயற்பியல் துறைக்கு அது பொருள்களின் இயக்கம் பற்றிய பாடம். மார்க்சியர்களுக்கு அது இயக்கவியல் பொருள்முதல்வாதத்தின் முன்பாதி. இரண்டு கூட்டமும் தங்களுக்குள் பேசிக்கொள்வது அபூர்வம். எங்கெல்ஸ் இரண்டு பக்கமும் நின்று பேசியவர். 'இயற்கையின் இயக்கவியல்' என்று 1925இல் மாஸ்கோவில் வெளியான அவருடைய கையெழுத்துப்படிகளில், இயக்கத்தின் அளவும் வேலையும் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே இருக்கிறது. இயற்பியலின் வேலையை அப்படியே பொருளாதாரத்துக்குள் கொண்டுவர முயல்பவர்களைக் கேலி செய்து ஒரு குறிப்பும் உண்டு. அப்படியானால் திறன்மிக்க உழைப்பையும் கிலோகிராம்-மீட்டராக மாற்றிக் கூலியை நிர்ணயித்துவிடலாமே என்று கேட்கிறார். பொடோலின்ஸ்கியின் ஆராய்ச்சி பற்றி 1882 டிசம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதத்திலும் இதே எச்சரிக்கை: உழைப்பின் சமூக உறவை ஆற்றல் கணக்காக எழுதிவிட முடியாது.

இதை நாம் இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். கூலியை ஜூலில் தீர்மானிக்க முடியாது என்றால், ஜூலைக் கூலியின் பெயரால் தள்ளவும் முடியாது. அந்த அம்மாவின் கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் இயற்பியல் புத்தகத்தின் பூஜ்யம் அல்ல. நிலம் யாருடையது, குத்தகை யாருடையது, மழை பிடித்தால் அளத்தில் வேலையே இல்லாத மாதங்களில் யார் சோறு போடுவது என்பவைதான் காரணம். சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது 1805இல். உப்பைத் தயாரித்தவருக்குக் 'குடிவாரம்' என்ற பெயரில் ஒரு விலை. வாங்கிச் சாப்பிடுபவருக்கு வேறொரு விலை. இடையில் நின்றது அரசின் தராசு. அன்று முதல் இந்தக் கரையில் உப்புக்கு எடை பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. உப்பைச் சுமந்த தூரத்துக்கு எந்த ஏட்டிலும் பத்தி ஒதுக்கப்பட்டதில்லை. புத்தகத்தின் பூஜ்யமும் தராசின் மௌனமும் ஒன்றுக்கொன்று காரணமல்ல. ஆனால் ஒரே பழக்கத்தில் விளைந்தவை: சுமையைக் கணக்கில் எடு, சுமப்பவரை விடு.

5

இந்தச் சரித்திரத்தில் நம் கரைக்கு வேறொரு இடமும் உண்டு. இளநிலை இயற்பியல் படித்த எல்லோரும் செய்முறை வகுப்பில் கூட்டு ஊசலைப் பார்த்திருப்பார்கள். துளையிட்ட ஒரு இரும்புச் சட்டம். துளை மாற்றித் துளை மாற்றி ஆடவிட்டு, நேரம் குறித்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும். இதன் நெருங்கிய உறவான மீளூசலை உண்டாக்கியவர் ஹென்றி கேட்டர். ராணுவ அதிகாரியான அவர் அதற்கு முன் லாம்டனின் கீழ் தென்னிந்தியாவில் நில அளவை செய்தவர். கேட்டர் லண்டனில் ஊசல் ஆய்வை முடித்த சில ஆண்டுகளில், 1821இல், சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு அளந்தார். முடிவு அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. ஒரு விநாடிக்கு ஒருமுறை வீசும் ஊசல் லண்டனைவிடச் சென்னையில் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். பூமி நடுவில் புடைத்திருப்பதும் சுழல்வதும் அதற்குக் காரணம். இந்தக் கரையின் ஈர்ப்பு அளக்கப்பட்டு 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. செய்முறை நோட்டில் விடை எழுதும் மாணவருக்கு இது சொல்லப்படுவதில்லை. அவருக்கு அது எங்கிருந்தோ வந்த இரும்புச் சட்டம்.

யார் படித்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. மாநிலக் கல்லூரியின் இயற்பியல் வகுப்பிலிருந்து 1907இல் ராமன் எம்.ஏ. முடித்து வந்தார், 1930இல் சந்திரசேகர் பட்டம் பெற்று வந்தார். இருவரும் மேதைகள், அதில் விவாதமில்லை. ஆனால் தலைமுறைகளாக எழுத்தோடு உறவுள்ள சாதியிலிருந்து அந்த வகுப்புக்குள் நுழைவதும், அளத்திலிருந்து நுழைவதும் ஒரே தூரமல்ல. சந்திரசேகர் தம் கடைசி ஆண்டான 1995இல் நியூட்டனின் நூலைப் 'பொது வாசகருக்கு' என்று தலைப்பிட்டு விளக்கி எழுதினார். அரிய உழைப்பு. ஆனால் அந்தப் பொது வாசகர் நுண்கணிதத்தை நன்கு கற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். 'பொது' என்பதற்குள் யார் வருகிறார்கள் என்பது எந்தக் காலத்திலும் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி.

தமிழில் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் தரப்பின் பழைய நம்பிக்கை. அதற்காக நடந்த உழைப்பு சாதாரணமானதல்ல. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் பொறுப்பில் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் வந்தன. பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி நூல்களைத் தமிழில் போட்டது. ருஷ்யப் புத்தகக் கடையில் வாங்கிய பெரெல்மானின் வழியே தமிழில் இயற்பியலைத் தொட்டவர்கள் நமக்கு முந்திய தலைமுறையில் பலர். கடல் தாண்டிப் பார்த்தால் இன்னொரு தமிழ் இருக்கிறது. நாம் முடுக்கம் என்பதை இலங்கையில் ஆர்முடுகல் என்பார்கள். நம் நிலைமம் அங்கே சடத்துவம். நம் ஆற்றல் அங்கே சக்தி. நாம் நிறை என்பது அங்கே திணிவு. அவர்கள் நிறை என்று சொன்னால் அது நம் எடை! ஒரே சொல் பாக் நீரிணையைத் தாண்டினால் வேறு பொருள். சொல் தன்னளவில் எதையும் விளக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் 'வேலை' இரண்டு கரையிலும் வேலைதான். தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பழைய பொருள்கள் நினைவுக்கு வரும்: கடல், கடற்கரை, பொழுது. தொழில் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'உழைப்பு' என்ற சொல் கையில் இருந்தும் கலைச்சொல்லாக்கியவர்கள் அதை எடுக்காமல் விட்டது நல்லதாயிற்று. கொரியோலியின் பிரெஞ்சில் இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: கூடைக்கு வேலை, சுமப்பவருக்கு உழைப்பு என்று பிரித்துப் பேசலாம். வகுப்பறையில் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. முதுகலைக்குப் போனால் வகுப்பே பெரும்பாலும் ஆங்கிலத்தில். அங்கே மனப்பாடம் ஒன்றே துணை.

6

முதுகலைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வருவது தலம்பேரின் தத்துவமும் லாக்ராஞ்சின் சமன்பாடுகளும். கோல்ட்ஸ்டைனின் புத்தகம் (1950) அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு பொருளைத் தன் பாதையிலேயே இருக்கவைக்கும் கட்டுப்பாட்டு விசைகள் உண்டு: மேசை தாங்குவது, கம்பி பிடித்துக்கொள்வது போல. மெய்நிகர் நகர்வில் இவை செய்யும் வேலை பூஜ்யம். ஆகவே இவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கியதும் சமன்பாடு எளிதாகிறது. 1788இல் லாக்ராஞ்ச் ஒரு படம்கூட இல்லாமல் முழு நூலையும் எழுதியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண் இந்த அத்தியாயத்தைக் காட்டியபோது எனக்குச் சபலம் தட்டியது. 'தாங்கிப் பிடிப்பவை எல்லாம் சமன்பாட்டிலிருந்து மறைக்கப்படுகின்றன' என்று எழுதி, விளிம்புநிலை மக்கள்வரை நீட்டிவிடலாம். நம் பத்திரிகைகளில் கைதட்டல் கிடைக்கும். 1996இல் சோகல் ஒரு பத்திரிகையை ஏமாற்றியது இந்தச் சபலத்தைப் பயன்படுத்தித்தான். மேசையின் விசை ஒடுக்கப்பட்டவர் அல்ல. வேண்டும்போது அதைத் திரும்பக் கண்டுபிடிக்க லாக்ராஞ்சின் முறையிலேயே பெருக்கிகள் என்ற வழி உண்டு. நீக்கியது தெரிந்தே நீக்கியது. திரும்பக் கொண்டுவரும் வழியோடு நீக்கியது. இயற்பியலிடமிருந்து நாம் கற்க வேண்டியது இந்த நேர்மையை. பள்ளி வகுப்பின் 'கூலியாள்' எடுத்துக்காட்டில் இல்லாதது இதுதான். அங்கே சுமப்பவர் நீக்கப்படுகிறார். நீக்கினோம் என்று யாரும் சொல்வதில்லை.

இயக்கவியலே சுமப்பவரிடம் திரும்பிவந்த கதையும் ஒன்று உண்டு. கென்யாவின் லுவோ, கிகுயூ பெண்கள் சுமை தூக்கி நடப்பதை அளந்த ஆய்வு 1986இல் 'நேச்சர்' இதழில் வந்தது. லுவோ பெண்கள் தலையில் வைத்துத் தூக்குபவர்கள். கிகுயூ பெண்கள் நெற்றிப் பட்டையில் மாட்டி முதுகில் தூக்குபவர்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் சுமந்தபோது, வெறுமனே நடப்பதைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் செலவாகவில்லை. அதற்குமேல் சுமை ஏறும்போதுதான் செலவு ஏறியது. ஏன் என்பதற்கு 1995இல் அதே இதழில் பதில் வந்தது. நடை என்பது தலைகீழான ஊசல். ஒவ்வொரு அடியிலும் உடல் ஊன்றிய காலின்மேல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது வேகம் உயரமாகிறது, இறங்கும்போது உயரம் வேகமாகிறது. இந்தப் பரிமாற்றத்தில் சாதாரணமாகச் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் மீளும். பழகிய பெண்கள் சுமை ஏறும்போது இந்த மீட்பை இன்னும் கூட்டிக்கொள்கிறார்கள்.

கேட்டரின் ஊசலும் கோல்டிங்ஹாமின் ஊசலும் அளந்தது பூமியை. இது சும்மாட்டுக்குக் கீழே நடக்கும் ஊசல். மரக்காணத்து வரப்பில் சுமையோடு போகும் பெண்களை யாரும் இப்படி அளந்தார்களா என்பதல்ல கேள்வி. அளக்கத் தகுந்த இயக்கவியல் அங்கே இருக்கிறது என்பதே. உடனே 'நம் மக்களுக்கு எல்லாம் தெரியும், நியூட்டனுக்கு முன்பே' என்று கிளம்பிவிடக் கூடாது. அவர்களுக்குத் தெரிந்தது நடக்க. சமன்பாடாக எழுத அல்ல. இரண்டும் வேறு வேறு அறிவு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கூடுதல் செலவில்லாமல் சுமக்கிறார்கள் என்பதைக் கங்காணி வேறு மாதிரி வாசிப்பார். ஆக்சிஜன் கணக்கில் செலவில்லாத சுமை, இருபது வருஷத்தில் கழுத்தெலும்பின் கணக்கில் எழுதப்படுகிறது. கூலோம் தேடியதும் சுமைக்கு ஏற்ற சிக்கனம்தான். அளப்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வி ஒருபோதும் தானாகத் தீர்ந்துவிடுவதில்லை.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு. இது அறிவா, அதிகாரமா? அறிவுதான், எதைப் பற்றிய அறிவு என்று சொல்லாமல் விட்டால் அதிகாரம். விடைத்தாளில் பூஜ்யம் என்றே எழுத வேண்டும், ஏனென்றால் அது சரி. கூடவே எதன்மீது, எந்த விசை, யார் உண்டாக்கிய அளவு என்பதும் வகுப்பில் பேசப்பட வேண்டும். இயக்கவியல் பாடத்துக்கு வரலாறு முன்னுரையாகப் போடும் அலங்காரம் அல்ல. அது இல்லாமல் போனால் அளத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பாடம் தன் வீட்டைப் பற்றிய பொய்யாகத் தெரியும். பொய்யாகத் தெரியும் ஒன்றை மனப்பாடம் செய்யலாம், கற்க முடியாது. அப்படிக் கற்காமலே தேறி வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கு வைப்பதில்லை.

இதையெல்லாம் அவரிடம் ஒருநாள் சொன்னேன். கேட்டுவிட்டு, "சார், ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார். "அம்பாரம் தள்ளி இருந்தா எங்கம்மாங்க சும்மா தூக்க மாட்டாங்க. கிட்டப் பாத்தின்னா ஒரு ரேட்டு, தூரப் பாத்தின்னா சண்ட போட்டு மேல வாங்குவாங்க. அவங்க கணக்குல தூரம் எப்பவும் ஜீரோ ஆனதில்ல."